இரண்டு மரத்துக்கு ஒரே ஏழு

மலைக்காட்டில் ஒரு மலையணில் சாமான் தூக்கும் வேலை பார்த்தது. பெரிய வேங்கை மரத்தில் பத்துப் பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைச் சொன்னால் போதும், சரக்கு போய்ச் சேரும். அதில் அணிலுக்கு ஒரே மண்டைக்கனம்!

ஏழாம் பொந்தில் ஒரு பெண் இருவாச்சிப் பறவை இருந்தது. அந்த இனத்து வழக்கப்படி வாசலை மண்பூசி அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு, உள்ளே குஞ்சு பொரித்திருந்தது. இரை கொண்டுவர வேண்டிய ஆண் பறவைக்கோ இறக்கையில் முள். பறக்க முடியாமல் அத்திப்பழங்களை அணிலிடம் கொடுத்து, "ஏழாம் பொந்து!" என்றது.

அதே வாரம் ஆற்றங்கரை மருத மரத்துக்காரர்களும் தங்கள் சாமானைத் தூக்க அணிலைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் ஓர் ஏழாம் பொந்து. அதில் ஓர் உடும்பு; அதற்கும் ஒரு மூட்டை வந்தது.

இரண்டு மூட்டையும் ஏழு! அணில் குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டு ஓடியது.

"த்தூ! மாமியார் அழுகின நண்டு அனுப்புறேன்னு சொன்னாங்களே! இது என்ன பழம்?" என்றது உடும்பு.

வேங்கை மரத்திலோ ஒரே கூச்சல். "என்னங்க! பிள்ளை பசியில கெடக்கு, நீங்க நாறிப்போன நண்டை அனுப்புறீங்களா?"

மறுநாளும் நண்டுதான் வந்தது. குஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஆண் பறவைக்கு அழுகை வந்துவிட்டது. மருத மரத்திலும் ஓர் ஏழு இருப்பது தெரிந்து, தத்தித் தத்தி அங்கே போனது.

"உடும்பண்ணே, உங்க எண்ணைக் கொஞ்சம் மாத்திக்குங்களேன்!"

"எட்டா மாறவா? எட்டுல நல்லபாம்பு இருக்கு. நீயே போய்க் கேளு!"

திரும்பி வந்து சொன்னதும் பெண் பறவை அலகை வெளியே நீட்டி, அப்போது அங்கே வந்த அணிலைக் கூப்பிட்டது. "ஏண்டா அணிலே! எங்க மரத்துல ஒரே ஏழுதான். அவங்க மரத்துலயும் ஒரே ஏழுதான். ரெண்டையும் கலந்து தூக்குறவன் நீ! வாங்கும்போதே எங்க மூட்டையில வேங்கை இலையைச் செருகு, அவங்களதுல மருத இலையைச் செருகு. கொடுக்கும்போது பிய்ச்சுப் போட்டுடு!"

"அப்போ வேங்கை ஏழு, மருத ஏழு! யாரும் எண்ணை மாத்தவே வேண்டாமா?"

"வேண்டாண்டா! ஓடு!"

அணில் ஓடியது. அன்றைக்கே அத்திப்பழம் சரியாக வந்து சேர்ந்தது. வந்த பழத்தையெல்லாம் குஞ்சு விழுங்கிவிட்டு, அணிலின் விரலையும் ஒரு கடி கடித்தது. "ஐயோ!" என்று அணில் அலற, கீழே ஆண் பறவை ஒற்றை இறக்கையை அடித்துக்கொண்டு ஆனந்தமாகக் குதித்தது.

அவரவர் வீட்டு எண் அவரவருக்கே இருக்கட்டும். பலர் சரக்கைச் சேர்த்துச் சுமப்பவன்தான் எது யாருடையது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.