கோணல் சக்கரமும் நேர்வழி மாப்பிள்ளையும்

கோக்குமாக்கூரில் மழைக்குக் குறைவில்லை, பஞ்சமெல்லாம் மூளைக்குத்தான். அந்த ஊர் வீரபாகுவுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்ற பலவேசம் ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். "நேர்வழியில போறவனுக்குத்தான் எம் பொண்ணு."

கல்யாணத்தன்று மாட்டுவண்டியில் ஏறியதும் வீரபாகுவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வண்டி நேராகத்தான் போகிறதா? பலவேசத்தின் மகள் செல்லக்கிளி கிடைக்காவிட்டால் அவன் சோறு தண்ணீர் இல்லாமல் செத்தே போவான், அவ்வளவு ஆசை.

"கண்டுபிடிச்சிருவோம்லே," என்றான் தோழன் உச்சிமாகாளி. சக்கரத்தின் விளிம்பான வட்டையில் கரித்துண்டைக் கட்டி, வண்டிக்காரன் தொப்பளானைக் கோயில் மதிலை ஒட்டி ஓட்டச் சொன்னான். பிறகு மதிலைப் பார்த்த மூவருக்கும் பகீரென்றது. கோடு தரையிலிருந்து எழும்பி, வளைந்து, மறுபடி தரையைத் தொட்டு, மறுபடி எழும்பியிருந்தது.

"வண்டி தவக்களை மாதிரில்லா குதிச்சிருக்கு!" என்றான் தொப்பளான்.

"நான் உள்ளதானே இருந்தேன்? குதிக்கலியே!" என்றான் வீரபாகு.

"நீ கல்யாணக் குஷியில இருந்தே. உனக்கு எங்க தெரியும்?" என்றான் தொப்பளான்.

கரியை அவிழ்த்துச் சக்கரத்தின் நடுக் குடத்தில் கட்டி ஓட்டினார்கள். கோடு நூல் பிடித்தாற்போல விழுந்தது. உச்சிமாகாளி நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான்.

"குடம் யோக்கியன். சுத்தி இருக்க வட்டைதான் அயோக்கியப்பய. அவனைக் கூட்டிட்டுப் போனா சம்பந்தம் கெட்டுரும்."

வட்டைகளைக் கழற்றி ஓடையில் எறிந்தார்கள். வண்டி பொத்தென்று உட்கார்ந்துகொண்டது.

"கூட்டாளி போன வருத்தம்," என்றான் தொப்பளான்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மூவரும் வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வயல், வரப்பு, வைக்கோல்போர் எல்லாவற்றையும் துளைத்து நேராக நடந்தார்கள். மாடுகள் சொகுசாகப் பின்னால் வந்தன.

வைக்கோலும் சேறுமாக வந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பலவேசம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததே! தாலி ஏறியது. வீரபாகுவுக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

"பொண்ணு கையைப் பிடிச்சு அக்கினியை மூணு சுத்து வாங்கோ," என்றார் ஐயர்.

வீரபாகு மணையை இறுகப் பிடித்துக்கொண்டான். "வளைஞ்சா போவணும்? நான் மாட்டேன் சாமி! மாமா பொண்ணைப் பிடுங்கிக்கிடுவார்!"

ஐயர் கெஞ்சினார், பலவேசம் கத்தினார். அவன் அசையவில்லை. கடைசியில் செல்லக்கிளிதான் அவன் காதோடு சொன்னாள்.

"எதுக்கு வளையணும்? உலகம் உருண்டைதானே? வாசல் வழியா நேரா நடந்தா, கொல்லை வழியா இங்கயே வந்து சேந்துருவோம். மூணு சுத்துல்லா? செத்த நில்லுங்க, கட்டுச்சோறு கட்டிட்டு வாரேன்."