பெருவயிற்றுக்கு இடம் போதவில்லை

மேச்சேரிப் பக்கம் அருளாயியின் பட்டியில் ஒரு செம்மறி ஆடு இருந்தது. அதற்குள்ளே பெருவயிறு என்பவள் ராணி மாதிரி குடியிருந்தாள். ஆடு தின்னும் புல்லை முதலில் வாங்கி வைத்துக்கொள்பவள் அவள்தான்.

அது ஒரு காலம். காலையில் கொழுக்கட்டைப்புல்லை விளிம்புவரை நிரப்பிக்கொள்வாள். ஆடு வேலமர நிழலில் படுத்ததும் ஒவ்வொரு கவளமாக வாய்க்கு அனுப்பி, ஆற அமர மெல்லவைத்து, திரும்ப வாங்கிக்கொள்வாள். பொழுது சாயும்வரை வேறு வேலையே கிடையாது.

பிறகு பக்கத்திலிருந்த கருப்பைக்கு இரட்டைக் குட்டி தங்கியது. நாலாம் மாதம் தாண்டியதும் அவள் பெருத்துப் பெருத்து, பெருவயிற்றை விலாவோடு சேர்த்து நெருக்கினாள்.

“ஏன்டி, கொஞ்சம் ஒதுங்கேன். மூச்சு முட்டுது.”

“ஒதுங்க எங்கேக்கா இடம்? உள்ளே ரெண்டு பேர். நீங்கதான் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, சீக்கிரமா அனுப்பிடுங்களேன்.”

“நான் என்ன டிபன் கடையா? நிறைய வாங்கினாத்தான் எனக்குச் சாப்பாடு. இல்லேன்னா வேண்டவே வேண்டாம்.”

ரோஷத்துக்கு மட்டும் அவளிடம் எப்போதும் இடமிருந்தது. அருளாயி காலையில் போட்ட சோளத்தட்டை மாலையிலும் அப்படியே கிடந்தது. பெருவயிறு கண்ணை மூடிக்கொண்டு அந்த வேலமர நிழலையே நினைத்துக் கிடந்தாள்.

மூன்றாம் நாள், அடுப்படி பார்க்கும் ஈரல் எட்டிப் பார்த்தார்.

“அம்மா தாயே, உங்க கோபத்துக்கு நான் வெந்துக்கிட்டிருக்கேன். ஆட்டோட கொழுப்பை உருக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டறேன். ஆடு இப்பவே தள்ளாடுது. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா, குட்டியும் இல்லை, ஆடும் இல்லை. நிழலை நினைச்சுக்க நீங்களும் இருக்க மாட்டீங்க.”

பெருவயிறு வாயைத் திறக்குமுன் பக்கச் சுவரில் ஓர் உதை விழுந்தது. பிஞ்சுக் குளம்பு. அதன் பின்னாலேயே இன்னொன்று.

“பசிக்குது போலிருக்கு,” என்றாள் கருப்பை, மெதுவாக.

வெளியே, “இதையாவது தின்னு தொலையேன், கண்ணு,” என்று அருளாயி ஒரு கைப்பிடி அகத்தித்தழையை நீட்டினாள். பெருவயிறு வாங்கிக்கொண்டாள். இருந்த இடத்தில் வைத்து, அரைகுறையாக அசைபோட்டு, கீழே அனுப்பினாள். மறுபடி ஒரு கைப்பிடி. நாளுக்குப் பத்துத் தடவை, பத்துத் தடவையும் முணுமுணுத்துக்கொண்டே.

குட்டிகள் பிறந்தன. இரண்டும் எழுந்து நின்றன. கருப்பை சுருங்கி மூலைக்குப் போனாள். மழை பெய்து புல்லும் வந்தது. பெருவயிறு விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, அதே வேலமர நிழலில், ஆசைப்பட்ட மாதிரியே பரந்து விரிந்தாள்.

இரண்டு கவளம்தான் மென்றிருப்பாள்.

“ஏன்டி, அவ்வளவு தள்ளியா உட்காருவே?” என்றாள். “கொஞ்சம் இடிச்சுக்கிட்டுத்தான் உட்காரேன்.”