மாசிலாமணியும் சாக்குப் பல்லியும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளெல்லாம் இப்போது இருப்பதைவிட ஒரு முழம் கூடுதல் உயரமாக இருந்த நாளில், சிப்பிநல்லூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் மாசிலாமணி என்று ஒருவர். ராஜாவுக்கும் ராணிக்கும் முத்து மாலை கோத்துக் கொடுப்பது அவர் தொழில். காலையில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாரானால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். கை ஓயாமல் வேலை செய்யும். கால் சும்மா மடங்கிக் கிடக்கும்.

இப்படி வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு முன்னால் வந்துவிட்டது, மூச்சு பின்தங்கிவிட்டது. வாசல்படி ஏறினாலே இளைக்கும். வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"தினமும் காலையில எழுந்து நடங்க. அதுதான் உங்களுக்குக் கஷாயம், அதுதான் சூரணம், அதுதான் லேகியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி நல்ல மனுஷர். நடக்கக் கூடாது என்று அவருக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை. நாளையிலிருந்து நடக்கிறேன் என்று தினமும் மனசாரச் சொல்வார். பொழுது விடிந்தால் அந்த நாளை இன்றாகிவிடும். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற நீங்களும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் அவர் மனைவி தைலம்மை விடுவாளா? "என்னங்க, எழுந்திருங்க! கோழி கூவி எவ்வளவு நேரமாச்சு!" என்று தினமும் உலுக்குவாள். அவரும் தினமும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துச் சொல்வார். முத்து கோப்பதைவிட அந்தச் சமாதானத்தைக் கோப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒருநாள் கருங்கோளன் என்கிற மந்திரவாதி, அறுந்துபோன தன் மாலையை எடுத்துக்கொண்டு வந்தான். வயசானவன். தடியை ஊன்றி ஊன்றித்தான் நடந்தான். மாசிலாமணி ஒரு மணி குறையாமல் கோத்துக் கொடுத்தார்.

"உமக்கு என்னய்யா வேணும்? கேளும்" என்றான் மந்திரவாதி.

"ஒண்ணும் வேண்டாம் சாமி. காலையில என் சம்சாரத்துக்குச் சாக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. எனக்குப் பதிலா அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தா தேவலை."

மந்திரவாதியின் கண் பளிச்சென்றது. மடியிலிருந்து ஒரு மூங்கில் குழாயை எடுத்தான், மூடியைத் திறந்தான், சுவரில் தட்டினான். கட்டைவிரல் அளவில் ஒரு பல்லி வெளியே வந்து ஒட்டிக்கொண்டது.

"இது பொய்யே பேசாது. இது சொல்றது அத்தனையும் நிஜம். நீர் தலையை ஆட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

சிப்பிநல்லூரில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும்போது பல்லி சத்தம் போட்டால் யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள். செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிடுவார்கள். பல்லிக்கு மேல் அங்கே பேச்சே கிடையாது.

மறுநாள் விடிந்தது. தைலம்மை உலுக்கினாள். மாசிலாமணி துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"இச் இச் இச்! வெளியே பனி, மாசிலாமணியாரே" என்றது பல்லி.

எட்டிப் பார்த்தால் நிஜமாகவே பனி.

"ஆமாம். அதனால இன்னைக்கு வேண்டாம்" என்று தலையாட்டி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டார். பல்லி எதையோ மென்று விழுங்கியதுபோல் கழுத்தை அசைத்தது. ஒரு விரற்கடை நீண்டது.

அடுத்த நாள்: "இச் இச் இச்! ராணியம்மா மாலை பாதியில் நிற்கிறதே, மாசிலாமணியாரே." அதுவும் நிஜம். "ஆமாம். அதனால இன்னைக்கு வேண்டாம்." பல்லி ஒரு சாண் ஆனது.

அதற்கும் அடுத்த நாள்: "இச் இச் இச்! முட்டி வலிக்குமே, மாசிலாமணியாரே." வலிக்கத்தான் வலித்தது. "ஆமாம். அதனால இன்னைக்கு வேண்டாம்." பல்லி ஒரு முழம் ஆனது.

தைலம்மை பல்லியை எதிர்த்து என்ன பேசுவாள்? வாயை மூடிக்கொண்டாள். வீடு அமைதியானது. பல்லி வளர்ந்துகொண்டே போனது. உடும்பு அளவு ஆயிற்று, அப்புறம் உத்தரத்திலிருந்து வால் வாசல்படிவரை தொங்கிற்று. மாசிலாமணி நடக்காமல் விட்ட நடையெல்லாம் பல்லியின் வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மந்திரவாதியின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கோ ஒரு காட்டில் அந்தக் கிழவன் தடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பனைமரத்துக்குப் பனைமரம் தாவிக்கொண்டிருந்தான். அடுத்தவன் காலில் அவனுக்கு அப்படி ஒரு வாழ்வு!

மாசிலாமணிக்கு ஒரே மகள், குழலி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேலைச்சேரியில் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. இங்கேதான் சிக்கல். பெண்ணைத் தாரை வார்க்கிற தண்ணீரை, பெண்ணைப் பெற்றவன் மலைச் சுனையிலிருந்து தன் காலால் நடந்துபோய்த் தன் தோளில் சுமந்து வரவேண்டும். பல்லக்கு ஆகாது, மாட்டு வண்டி ஆகாது, மாற்றாள் ஆகாது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மட்டும்தான் தாய்மாமன் சுமப்பான்.

"என் தம்பியை வரச் சொல்லட்டுமா?" என்று ஒருநாள் தைலம்மை கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். மாசிலாமணி கையிலிருந்த முத்தைக் கீழே வைத்தார். நான் உயிரோடு இருக்கும்போதே என் மகள் தகப்பன் இல்லாதவளாக மணையில் உட்காருவதா? நாளைக்கே மலை ஏறிப் பழகுகிறேன் என்றார். நாளை விடிந்தது. "இச் இச் இச்! மலை உயரமாயிற்றே, மாசிலாமணியாரே." ஆமாம், உயரம்தான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலை. கதவு திறக்கிற சத்தம் கேட்டு மாசிலாமணி கண் விழித்தார். குழலி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குடம், பாவாடையெல்லாம் சேறு, ஒரு காலை ஊன்ற முடியாமல் தாங்கித் தாங்கி நின்றாள்.

"எங்கேம்மா போயிட்டு வர்றே?"

"சுனைக்குப்பா. வழி பார்த்துட்டு வந்தேன். கல்யாணத்தன்னிக்கும் இப்படியே நான் முன்னாடியே போய்க் கொண்டாந்து புளியமரத்தடியில வச்சிடறேன். நீங்க அங்கேருந்து தூக்கிட்டு வந்தா போதும். யாருக்குத் தெரியப் போவுது?"

"என்னம்மா இது…"

"பரவால்லப்பா. உங்களுக்கு முட்டி வலி. வேலையும் ஓயலை. வெளியில பனி வேற."

உத்தரத்திலிருந்து பல்லி குளிரக் குளிரச் சொன்னது: "இச் இச் இச்! குழந்தை சொல்வது அத்தனையும் நிஜம், மாசிலாமணியாரே."

மாசிலாமணிக்கு நெஞ்சுக்குள் என்னமோ அறுந்து சிதறியது. பல்லியின் பேச்சு மகளின் வாயில் வந்துவிட்டது. தனக்காகத் தன் மகள் பொய்க்குத் தயாராகிவிட்டாள். அவர் மகளை உட்காரவைத்து, காலை மடியில் எடுத்து வைத்து, முத்து கோக்கிற ஊசியால் உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளை மெல்ல எடுத்தார். பிறகு அந்தக் குடத்துத் தண்ணீரை முற்றத்துப் பூசணிக்கொடிக்கு ஊற்றினார்.

மறுநாள் காலை யாரும் உலுக்காமலே எழுந்து, துண்டைத் தோளில் போட்டார்.

"இச் இச் இச்! வெளியே பனி, மாசிலாமணியாரே."

அவர் எட்டிப் பார்த்தார். பனிதான். இல்லை என்று எப்படிச் சொல்வது? பல்லிதான் பொய்யே பேசாதே. "ஆமாம்" என்றார். வழக்கமாக அதற்குப் பின்னால் வருகிற வார்த்தை அன்றைக்குத் தொண்டையை விட்டு வரவில்லை. வாசல்படியில் நிற்கிறவன் வீட்டாரைப் பார்த்துச் சொல்வானே, அதுதான் வந்தது.

"ஆமாம், பனிதான். போயிட்டு வரேன்."

பல்லிக்குப் புரையேறிவிட்டது. அது இருமி முடிப்பதற்குள் மாசிலாமணி தெருவில் இறங்கிவிட்டார். ரொம்ப தூரம் ஒன்றுமில்லை. தெருக்கோடிக் கிணறு வரைக்கும் போனார், கிணற்றடியில் உட்கார்ந்து இளைத்தார், திரும்பி வந்தார். ஆனால் வந்து பார்த்தால் வாசல்படிவரை தொங்கிய வால் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

அடுத்த நாள், "மாலை பாதியில் நிற்கிறதே" என்றது. "ஆமாம், நிக்குது. போயிட்டு வரேன்." கிணற்றைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் போனார். அதற்கும் அடுத்த நாள், "முட்டி வலிக்குமே" என்றது. "ஆமாம், வலிக்குது. மெதுவா போயிட்டு வரேன்." மலையடிவாரம் கண்ணில் பட்டது. பல்லி உடும்பாயிற்று, உடும்பு ஒரு முழமாயிற்று.

எல்லாம் ஒழுங்காகப் போனால் அது என்ன கதை? கார்த்திகை மழையில் நனைந்து மாசிலாமணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. படுத்தார். காய்ச்சல் விட்ட பிறகும், கம்பளியின் கதகதப்பில், எழுந்திருக்க மனம் வராமல் இன்னும் சில நாள் படுத்தார். கடைசியில் ஒரு காலை வெட்கத்தோடு துண்டை எடுத்தபோது, பல்லி பழையபடி உத்தரம் நிறையக் கிடந்தது. அன்றைக்கு அது கத்தவில்லை. ரொம்பப் பரிவாகப் பேசியது.

"விட்டுப்போச்சே, மாசிலாமணியாரே. அவ்வளவும் வீணாச்சே. இனிமேல் போய் என்ன?"

இதுவரை அது சொன்னதிலேயே இதுதான் பெரிய சாக்கு. மாசிலாமணியின் கை தானாகத் துண்டை இறக்கிவிட்டது. தண்ணீர்ச் செம்பின் பக்கம்கூடப் போய்விட்டார். அங்கே ஜன்னலுக்கு வெளியே பூசணிக்கொடி. காற்றில் பந்தலை விட்டுக் கீழே விழுந்திருந்தது, ஆனால் விழுந்த இடத்திலேயே ஒரு பூ விட்டிருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஆமாம், விட்டுத்தான் போச்சு. நேத்து போகலை. இன்னைக்குப் போயிட்டு வரேன்."

பழையபடி கிணறு. பழையபடி புளியமரம். அப்புறம் அடிவாரம், அப்புறம் மலையில் முதல் வளைவு.

தை பிறந்தது. கல்யாணத்தன்று காலை, குழலி மஞ்சள் பூசிக்கொண்டு மணையில் காத்திருந்தாள். மாசிலாமணி வெறுங்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறினார். கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப்போன பல்லி, அவர் துண்டைப் பற்றிக்கொண்டு கூடவே வந்தது. பாதி மலையில் ஒரு பாறை. அங்கே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார்.

"இச் இச் இச்! உமக்கு வயசாகிவிட்டது, மாசிலாமணியாரே."

"ஆமாம்பா. வயசாயிடுச்சு."

பல்லி துண்டின் நுனியில் தொங்கியபடி அவரை அண்ணாந்து பார்த்தது. பிறகு, அது என்றைக்குமே பேசாத ஒரு குரலில் சொன்னது: "எனக்கும் கால் வலிக்கிறது."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்குமா! இத்தனை நாளும் சொல்லவே இல்லையே. தோள் மேல ஏறிக்க. ரெண்டு பேருமா போயிட்டு வருவோம், வா."

ஏறினார்கள். சுனையில் குடம் 'களக்' என்று முங்கி நிரம்பியது. தெறித்த தண்ணீர் பல்லியின் மேல் பட்டது. பட்டதும் பல்லியைக் காணோம். அது இருந்த இடத்தில் வாட்டசாட்டமான ஓர் ஆள் நின்றான்.

"ஐயா, நான் பக்கத்து நாட்டு ராஜாவுக்குச் சேதி கொண்டு ஓடுகிற ஓட்டக்காரன். என்னிடமும் அந்த மூங்கில் குழாய் வந்தது. இன்னைக்கு வேண்டாம், இன்னைக்கு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் நானே பல்லியாகிக் குழாய்க்குள் போய்விட்டேன். அதற்கப்புறம் என்னை 'வா' என்று கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லி அவர் காலில் விழுந்தான். எழுந்தவன், காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினான்.

அந்த நேரத்தில் காட்டிலே ஒரு பனைமரத்துக்கும் இன்னொரு பனைமரத்துக்கும் நடுவில் தாவிக்கொண்டிருந்த கருங்கோளன் தொப்பென்று கீழே விழுந்தான். வாங்கின பலமெல்லாம் உடையவர்களிடம் போய்விட்டது. எறிந்த தடியைத் தேடி அவன் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கிறான் என்று கேள்வி.

மாசிலாமணி இறங்கி வந்தார். தண்ணீர் தளும்பித் தளும்பி முதுகெல்லாம் ஈரம். பந்தலுக்குள் நுழைந்தபோது மேளம்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. தைலம்மை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குழலி மணையிலிருந்து அப்பாவின் பாதத்தைத்தான் பார்த்தாள். மண்ணும் கீறலுமாக இருந்த பாதம். அந்தத் தண்ணீரில்தான் தாரை வார்த்தார்கள்.

பொழுது சாய, பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தது. குழலி அப்பாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"போயிட்டு வரேன்பா."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இரும்மா. மலைக்கு அந்தப் பக்கம்தானே? நானும் நடந்தே வரேன்."

அன்றைக்கு நடந்தார், அதற்கப்புறமும் நடந்தார். மகளைப் பார்க்க, பேரனைப் பார்க்க, ஒன்றுமில்லாவிட்டால் மலையைப் பார்க்க. கதையும் அவர் பின்னாலேயே நடந்து போய்விட்டது. நாம்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம்.