வெங்கக்கல்பாளையத்தார் ஹாலோ பிளாக் மிஷினுக்கு பட்ஜெட் போட்டது

வெங்கக்கல்பாளையத்தில் புத்தி குறைந்தவர்கள் யாரும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள், அவ்வளவுதான். அதனால் அவர்களிடம் எதையும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பேங்க் மேனேஜர் கோகிலவாணி வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு இது தெரியாது.

ஊருக்கு மேற்கே இருந்த நூல் மில்லை ஒரு நாள் மூடினார்கள். அதில் வேலை போனவர்களில் மூன்று பேர் ஒரே குடும்பம். மூத்தவர் நாச்சிமுத்து, இருபத்தாறு வருஷம் பஞ்சு பிரித்தவர். அவர் தங்கை ரத்தினாத்தாள், நூல் சுற்றும் பிரிவு. அவள் புருஷன் தெய்வசிகாமணி, மில் கேட்டில் நின்று உள்ளே போகிறவர்களை எண்ணி நோட்டில் எழுதியவர். அதனால் குடும்பத்தில் கணக்குப் புலி அவர்தான்.

மூன்று பேருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் மொத்தம் மூன்று லட்சம். அதைத் தொலைத்தால் அடுத்த வேளைக்கு வழி இல்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வீடு கட்டிக்கொண்டிருந்ததால், ஹாலோ பிளாக் என்கிற சிமெண்டுக் கல் போடுகிற தொழிலில் இறங்குவது என்று முடிவு செய்தார்கள். பாக்கிப் பணத்துக்கு பேங்கில் கடன் கேட்டார்கள்.

கோகிலவாணி பொறுமையாகச் சொன்னார். "மிஷினுக்கு மூணு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க. ஆகப்போற செலவு எல்லாத்தையும் எழுதி ஒரு பட்ஜெட் போடுங்க. மிஷினுக்குத் தேய்மானம் போட மறக்காதீங்க. எதிர்பாராத செலவுக்குன்னு ஒரு தொகை ஒதுக்குங்க. அப்புறம் முக்கியமா, எப்பவும் ஒரு ஐயாயிரமாவது கையிருப்பு இருக்கணும்."

"சரீங்" என்றார்கள் மூவரும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போனார்கள். மிஷின் கம்பெனியில் பிரதாப் என்று ஒரு விற்பனைக்காரர் இருந்தார். அவர் அறைக்குள் உட்கார்ந்து ஒரு கொட்டேஷன் வாங்கினார்கள். இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். பிறகு அவரைக் கம்பெனி கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் இன்னொன்று கேட்டார்கள். அங்கேயும் அதே விலை.

"மூணாவது இடம் எங்க வெச்சுக்கலாமுங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

பிரதாப்புக்குப் பசி. எதிரில் இருந்த டீக்கடையைக் காட்டினார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது கொட்டேஷன் எழுதும்போது, இவர்கள் நாலாவது இடம் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பத்தாயிரம் குறைத்தே எழுதினார். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கச் சொன்ன மேனேஜரம்மாவின் சூட்சுமம் இவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

பிரதாப் மிஷினைப் பற்றியும் சொன்னார். "இது முட்டை போடற மிஷினுங்க. ஒரு தடவை அமுக்கினா நாலு கல்லைத் தரையில போட்டுட்டு அப்படியே நகர்ந்து போயிரும். ஒரு கலவைக்கு சிமெண்டு ஒரு மூட்டை, சிப்ஸ் பன்னெண்டு சட்டி, பவுடர் பதினெட்டு சட்டி. அவ்வளவுதான்."

தெய்வசிகாமணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பட்ஜெட் போட மூவரும் மூடின மில்லின் கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில்தான் தெய்வசிகாமணிக்குக் கணக்கு வரும். நாச்சிமுத்துவால் மட்டும் பென்சில் பிடிக்க முடியவில்லை. கையிருப்பு ஐயாயிரம் அவர் வலது கையில் இருந்தது.

"முட்டை போடற மிஷினுன்னா கூண்டு வேணுமே" என்றாள் ரத்தினாத்தாள்.

"கூண்டு எழுதிட்டேன். கூட ஒரு சேவல் மிஷினும் வாங்கணுமா மச்சான்?"

நாச்சிமுத்து யோசித்தார். "வேண்டியதில்ல மாப்ள. பண்ணைக் கோழிக்குச் சேவல் எதுக்கு? இது கம்பெனி மிஷின். பண்ணை மாதிரிதான்."

சேவலில் மிச்சமான பணத்தை நினைத்து மூவரும் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சிப்ஸுக்கு வந்தார்கள். கடைத்தெருவில் நேந்திரங்காய் சிப்ஸ் கிலோ முந்நூற்றிருபது. ஒரு சட்டிக்கு இரண்டு கிலோ பிடித்தது. ஒரு கலவைக்கு ஏழாயிரத்து அறுநூற்று எண்பது. நாளைக்குப் பத்துக் கலவை, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று பெருக்கி, பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம் என்று எழுதிவிட்டு தெய்வசிகாமணி பென்சிலைக் கீழே வைத்தார்.

"தின்பண்டத்துக்கே இவ்வளவு ஆகுதே" என்றார்.

"மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ் போட்டா?" என்றார் நாச்சிமுத்து.

"விலை கம்மிதான். ஆனா கல்லு நமுத்துப் போயிருச்சுன்னா யார் வாங்குவா?"

தரத்தில் சமரசம் கூடாது என்று நேந்திரத்தையே வைத்துக்கொண்டார்கள். அடுத்தது பவுடர்.

"வாசனைப் பவுடரா, வேர்க்குருப் பவுடராங்க?" என்று ரத்தினாத்தாள் கேட்டாள்.

"கல்லு வெயில்லதானே கிடக்கப்போகுது. வேர்க்குருப் பவுடர்னு எழுதுங்க மாப்ள" என்றார் நாச்சிமுத்து.

தேய்மானத்தில் சிக்கல் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் மிஷினைத் தேய்க்க உப்புத்தாள் மாதம் நாற்பது, தேய்க்கிற ஆளுக்குக் கூலி தனி.

எதிர்பாராத செலவில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"ஐயாயிரம்னு எழுதிட்டா அது எதிர்பார்த்த செலவு ஆயிருமே மச்சான்" என்றார் தெய்வசிகாமணி.

"எழுதாம விட்டா?"

"எழுதாம விட்டா மேனேஜரம்மா கேப்பாங்க. கேப்பாங்கன்னு நமக்குத் தெரியும். அப்பவும் எதிர்பார்த்ததாத்தான் ஆகுது."

இதிலேயே வெயில் சாய்ந்துவிட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தத் தொகையை ரத்தினாத்தாள் எழுதுவது. எவ்வளவு என்று மற்ற இரண்டு பேருக்கும் சொல்லக் கூடாது. அவளும் தான் எதிர்பார்க்காத நேரத்தில் எழுத வேண்டும். அவள் மூன்று நாள் பென்சிலும் கையுமாகத் திரிந்தாள். நாலாம் நாள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது தும்மல் வந்தது. சட்டென்று எழுதிவிட்டாள்.

கோகிலவாணி அந்தப் பட்ஜெட்டை இரண்டு தடவை படித்தார். மொத்தம் முப்பத்தொன்பது லட்சம். எதிர்பாராத செலவு பதினோரு ரூபாய் என்று அவர் வாசித்ததும் நாச்சிமுத்துவும் தெய்வசிகாமணியும் திடுக்கிட்டார்கள். விஷயம் சரியாக நடந்திருப்பதில் ரத்தினாத்தாளுக்குத் திருப்தி.

"கையிருப்பு?" என்றார் மேனேஜர், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

நாச்சிமுத்து வலது கையை மேஜைமேல் வைத்து விரித்தார். ஆறு நாள் வேர்வையில் நோட்டெல்லாம் ஊறி ஒரே கட்டியாக இருந்தது. விரல்கள் முழுசாக நிமிரவில்லை. கோகிலவாணி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையிருப்பு இருக்கிறது என்று எத்தனையோ பேர் அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொண்டுவந்து காட்டிய ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அவரே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். சிப்ஸ் என்றால் குவாரியில் உடைக்கிற பொடி ஜல்லி, பவுடர் என்றால் அங்கேயே கிடைக்கிற கல்தூள் என்று சொல்லிச் சொல்லி, புதுப் பட்ஜெட்டைத் தானே எழுதினார். மிஷின், கலவை இயந்திரம், தரைக்கு சிமெண்டுத் தளம், கரண்ட் இணைப்பு, ஒரு மாதத்துச் சரக்கு எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்குள் முடிந்தது. கடன் கிடைத்தது. நேந்திரத்துக்கு இவர்களிடம் முன்பணம் வாங்கியிருந்த கடைக்காரர் மட்டும் பணத்தைத் திருப்பித் தராமல் நாற்பது கிலோ சிப்ஸை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

மிஷின் வந்தது. பிரதாப்பே கூட வந்து ஓட்டிக் காட்டினார். அமுக்கினால் நாலு கல், நகர்ந்தால் மறுபடி நாலு. சாயங்காலத்துக்குள் தளம் முழுக்கக் கல். ரத்தினாத்தாள் ஒரு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மில் மூடின பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

போகும்போது பிரதாப் சொன்னார். "இருபத்துநாலு மணி நேரம் யாரும் தொடாதீங்க. அப்புறம் ஏழு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் கல்லுக்குத் தண்ணி காட்டுங்க. கல்லு இரும்பாட்டம் ஆயிரும்."

மறுநாளிலிருந்து மூவரும் ஆளுக்கொரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கல்லும் விட்டுப்போகவில்லை. ஓரத்தில் இருந்த கல்லுக்குச் சரியாகத் தெரியாது என்று தெய்வசிகாமணி குனிந்து காட்டினார். எட்டாம் நாள் ஒரு கல்லைத் தூக்கினார்கள். அது கையிலேயே பொடிந்து கொட்டியது. அடுத்ததும் அப்படித்தான். அறுநூறு கல்லில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மில் பணத்தில் வாங்கிய முதல் சரக்கு அந்தப் பொடியில் கிடந்தது.

"நான் காட்டின வரிசையில ரெண்டு கல்லு வேற பக்கம் பாத்துட்டிருந்துச்சு" என்றார் தெய்வசிகாமணி, மெதுவாக. "அப்பவே சொல்லியிருக்கணும்."

"நீங்க ஒருத்தர் காட்டினதுல என்னங்க ஆகப்போகுது. விடுங்க" என்றாள் ரத்தினாத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நாச்சிமுத்து போன் போட்டார். தண்ணீர் காட்டிய விதத்தைக் கேட்ட பிரதாப், "ஊத்துங்க. கல்லு மேல ஊத்துங்க" என்றார். ஊற்றினார்கள். அடுத்த தடவை கல் இரும்பாட்டம் ஆனது. விற்றது. மூன்று மாதம் தவணை ஒழுங்காகக் கட்டினார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கோகிலவாணி தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, நல்ல எண்ணத்தில் ஒரு வார்த்தை சொன்னார். "சரக்குச் செலவு இன்னும் குறையணும். எதுக்குச் செலவு கம்மியோ, அதைப் பார்த்து நிறையப் போடுங்க."

அவர் போனதும் மூவரும் ஒரு கல்லை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஆறு இஞ்சுக் கல்லை விட நாலு இஞ்சுக்குச் செலவு கம்மி" என்றார் நாச்சிமுத்து.

ரத்தினாத்தாள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இதுல நடுவுல ரெண்டு ஓட்டை இருக்கே. ஓட்டைக்கு என்ன செலவு?"

தெய்வசிகாமணி பென்சிலை எடுத்தார். சிமெண்டு இல்லை. சிப்ஸ் இல்லை. பவுடர் இல்லை. மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். "கரண்டு மட்டுந்தான் மச்சான்" என்றார்.

"அப்ப இத்தனை நாளும் ஓட்டையைச் சுத்தி எதுக்குக் கல்லு வெச்சோம்?" என்றார் நாச்சிமுத்து.

அந்தக் காரணத்தை தெய்வசிகாமணி நோட்டில் தேடிப் பார்த்தார்.

பக்கத்து ஊரில் மருதமுத்து என்று ஒருவர் சுற்றுச்சுவர் கட்ட ஐந்நூறு கல் கேட்டிருந்தார். கல்லுக்கு இரண்டு வீதம் ஆயிரம் ஓட்டை பாதி விலைக்குத் தருகிறோம் என்று நாச்சிமுத்து போய்ச் சொன்னார். பாதி விலை என்றதும் மருதமுத்து ஒப்புக்கொண்டார். கல் வாங்கினால் சுமக்க ஆள் வேறு தேட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அன்றைக்கு மிஷின் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடியது. ஒரு தடவை அமுக்கினால் எட்டு ஓட்டை. நூற்றிருபத்தைந்து தடவை அமுக்கியதும் சரக்கு தயார். இருபத்துநாலு மணி நேரம் யாரும் தொடவில்லை. ஏழு நாள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றுகூட உடையவில்லை. டெம்போவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மருதமுத்து கறாரான ஆள். இறக்க இறக்க ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசி ஓட்டையைக் கீழே வைத்ததும், "நாலு குறையுதே" என்றார்.

தெய்வசிகாமணி மறுபடி எண்ணினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"பாலத்துக்கிட்ட வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சுங்க. அங்க விழுந்திருக்கும். தேடிக் கொண்டாந்து தர்றோம்" என்றார் நாச்சிமுத்து.

வண்டியைத் திருப்பிக்கொண்டு பாலத்துக்கு வந்தார்கள். நினைத்தது சரிதான். பாலத்தைத் தாண்டியதும் தார் ரோட்டின் நடுவில் ஓட்டை கிடந்தது. இறங்கிப் பார்த்தால் நாலு இல்லை. ஐம்பது, நூறு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சின்னதும் பெரிசுமாக ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. சிலதில் தண்ணீர்கூட ஊற்றியிருந்தது.

தெய்வசிகாமணி ஒன்றின் பக்கத்தில் குந்தி, சாணால் அளந்து பார்த்தார். "இது நம்மது இல்ல மச்சான். இவ்வளவு பெரிய சைஸு நம்ம மிஷின் போடாது."

"அப்ப யாருது?"

ரத்தினாத்தாள் நெற்றிமேல் கையை வைத்து ரோட்டின் அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள்.

"பெரிய கம்பெனி அண்ணா" என்றாள். "ஊரூராச் சப்ளை பண்ணியிருக்கான்."