மந்தி பேச்சை விட்ட மலைப்பாதை

அந்தக் காலத்தில், விலங்கும் மனிதரும் ஒரே மொழியில் வழி கேட்டு வழி சொல்லி நடந்த நாளில், கூகைமலை ஏறுவோர்க்கு ஒரு வழக்கம் இருந்தது. பாதையின் நடுவே, குறுகலான பாறைப் பிளவுக்குள் ஒரு சுனை. மழைக்காலத்தில் அது விளிம்புவரை ததும்பும். எல்லா உயிரும் தாமே குனிந்து குடிக்கும். கோடையில் நீர் ஆழத்துக்கு இறங்கிவிடும். கயிறும் செம்பும் உள்ள மனிதருக்கே அது எட்டும். ஆதலால் மலையேறுவோர் முதல் செம்பைப் பக்கத்துப் பாறைக்குழியில் ஊற்றிவிட்டே தம் நாவை நனைப்பர். முருகன் வீற்றிருக்கும் மலையில் இதற்கென்று எவரும் கட்டளையிட வேண்டியிருக்கவில்லை.

ஒரு சித்திரையில் வெயில் கொடுமையாய் எரித்தது. மரங்கள் இலையற்று நின்றன. மண் பொடிந்து, பாதையெங்கும் சரளை உருண்டது. செம்முகி என்னும் மந்தி, துவண்ட குட்டியை வயிற்றோடு அணைத்தபடி வெறுங்குழியருகே காத்திருந்தாள்.

அடிவாரத்துப் பண்ணைக்காரன் செங்கோடன் வந்தான். சுனைநீரால் முருகனை முழுக்காட்டுவதாக அவனுக்கு வேண்டுதல். சேறு கலங்கி வரும்வரை மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டான். குழியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஐயா, குழியில் ஒரு கை நீர் விடுங்கள். குட்டிக்குக் கண் செருகுகிறது.”

“இது அபிஷேகத் தீர்த்தம். உன் குட்டி குடித்த மிச்சத்தைச் சாமி தலையில் ஊற்றச் சொல்கிறாயா?”

“மேலே இருப்பவருக்குத் தாகம் இல்லையே, ஐயா.”

“சாமிக்கு என்ன வேண்டுமென்று குரங்கு எனக்குப் பாடம் நடத்துகிறதா? நன்றாயிருக்கிறது. மழை வரும், அப்போது வயிறு முட்டக் குடி.”

“இந்தப் பகலையே இது தாங்காது, ஐயா.”

அவன் நடந்தான். சுடுபாறையில் உள்ளங்கை பொசுங்க அவளும் பின்தொடர்ந்தாள். செங்குத்தான ஓரிடத்தில் சரளை வழுக்கியது. தடுமாறியவன் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கணுக்காலைத் தேய்த்தான். குட்டி மெல்ல நழுவிச் சென்று, குடத்தின் கழுத்தில் வெளியே கசிந்திருந்த ஒரு துளியை நக்கியது.

“எச்சில் பண்ணிவிட்டதே, சனியன்” என்று அவன் எழுந்தான். செம்முகி குட்டியை வாரி எடுத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு ஆகாதென்றால் எங்களுக்காவது ஆகட்டும், ஐயா. இந்தப் பள்ளத்தில் ஊற்றிவிடுங்கள்.”

“குரங்குக்கு அபிஷேகம் செய்தான் செங்கோடன் என்று ஊர் சிரிப்பதற்கா?”

குடத்தைச் சரிவில் கவிழ்த்தான். கொதித்துக் கிடந்த பாறை, அந்த நீரை ஒரு முழம்கூட ஓடவிடவில்லை. எறும்பின் உள்ளும் இறைவன் இருக்கிறான் என்று விடியற்காலையில் உருகிப் பாடிய நாவு அவனுடையது. அந்த நாவுக்கு உரியவனின் கைதான் இதைச் செய்தது.

பிறகு பாறை நிழலில் சாய்ந்து, தோள்மூட்டையிலிருந்து சுரைக்குடுக்கையை எடுத்துக் கடகடவென்று குடித்தான்.

செம்முகி திகைத்துப்போனாள். எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளாத நீர் இத்தனை நேரமும் அவன் தோளிலேயே இருந்திருக்கிறது. தன் கையில் கிடந்த குட்டியின் தலை தொங்கியது. தான் ஐயா, ஐயா என்று கெஞ்சியதெல்லாம் அவள் நெஞ்சில் நெருப்பாய்ப் புரண்டது. ஒரே பாய்ச்சலில் குடுக்கையைப் பறித்து, குட்டியின் வாயில் சாய்த்தாள். அது விக்கிற்று, இருமிற்று, கண் திறந்தது.

“திருட்டுக் குரங்கே, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?” என்று கத்தினான் செங்கோடன்.

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இப்படிக் கேட்பவனிடம் சொல்ல எந்த மொழியிலும் சொல் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டு, குட்டியுடன் பாறை மேலேறிப் போனாள்.

அன்று முதல்தான் மந்திகள் மனிதரிடம் பேசுவதை விட்டு, கோடையில் மலையேறுவோர் கையிலிருக்கும் நீரைப் பாய்ந்து பறிக்கின்றன. நாமும் அன்று முதல்தான் வறண்ட குழியைத் தாண்டிப்போய், முருகன் முன்னே நின்று அவற்றைத் திருடர் என்று முறையிடுகிறோம்.