எட்டு நூலில் ஒரு முகம்

கீழைமங்கலத்து மன்னர் செண்பகராயருக்கு ஒரே மகள், அல்லியங்கோதை. நல்ல கருப்பு, களையான முகம். கடல் தாண்டி மணித்தீவு இளவரசனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் படத்தை அனுப்பி வையுங்கள் என்று அங்கிருந்து ஓலை வந்தது.

படம் அனுப்புவதில்தான் வம்பு. கப்பலில் போகும் ஓவியம் உப்புக்காற்றில் உரிந்துவிடும். மன்னரின் பாட்டனாருடைய தங்கை படம் அப்படித்தான் ஒற்றைக் கண்ணோடு போய்ச் சேர்ந்தது. அந்தச் சம்பந்தம் முறிந்தே போனது. அன்று முதல் ஓவியத்தைப் பார்த்துப் பட்டில் நெய்துதான் அனுப்புவது என்று ஆயிற்று. ஆனால் அரண்மனைத் தறி எட்டு நிற நூலைத்தான் தாங்கும். ஒன்பதாவதை ஏற்றினால் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

நூல்பெட்டி பண்டகசாலை அதிகாரி தருமசேனர் பொறுப்பில் இருந்தது. வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஊதா, பொன். யாருடைய படமானாலும் இந்த எட்டுதான். முகம் என்றால் மஞ்சள். மன்னரின் பாட்டனார் காலத்து வழக்கம் என்பார்.

இளவரசியின் படமும் அப்படியே நெய்து வந்தது. அல்லியங்கோதை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பெண் யார்?"

"நீதான் அம்மா."

"நான் இல்லை. மணித்தீவுக்காரர் இவளைப் பார்த்துத்தானே சம்மதம் சொல்வார்? மணவறையில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கினால், அதை ஆயுசுக்கும் நான்தானே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்?"

மன்னர் தருமசேனர் பக்கம் திரும்பினார். "என் மகளின் நிறம் அச்சு அசலாக வரவேண்டும். நூலும் எட்டைத் தாண்டக் கூடாது. கப்பல் பத்து நாளில் கிளம்புகிறது" என்றார்.

"நடக்காத காரியம் அரசே" என்றார் தருமசேனர். "கிட்டத்தட்ட இருந்தால் போதாதா? ஊர்விட்டு ஊர் போகிற படத்தில் நிறம் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். மஞ்சள் முகம் லட்சணமாகத்தானே இருக்கிறது? முடியும் என்கிறவன் இருந்தால் செய்து காட்டட்டும். இல்லையென்றால் இதுவே கப்பல் ஏறட்டும்."

சபையில் பூதநாதன் எழுந்தான். பெயர்தான் பூதநாதன், ஆள் முருங்கைக்காய். மன்னரின் விகடகவி.

"நான் செய்கிறேன் அரசே. தறிக்கு எட்டு நூல் வேண்டும், அவ்வளவுதான். அது எந்த எட்டு என்று தறி கேட்டதே இல்லை."

"பாட்டனார் காலத்துப் பெட்டியை மாற்றுவதா?" என்று தருமசேனர் சீறினார்.

"பெட்டி அப்படியே இருக்கட்டும் ஐயா. நான் படத்தைப் பார்த்து நூல் எடுக்கிறேன். நீங்கள் பெட்டியைப் பார்த்துப் படம் நெய்கிறீர்கள்."

நெசவாளர் காளத்தியை அழைத்துக்கொண்டு பூதநாதன் ஓவியத்தின் முன் உட்கார்ந்தான். இளவரசி பச்சைப் புடவையில் நிற்கிறாள், தோளில் பச்சைக்கிளி. இரண்டுக்கும் ஒரே பச்சை போதும். நகைக்குப் பொன், கண்ணுக்குக் கருப்பும் வெள்ளையும், வானத்துக்கு நீலம். ஐந்து ஆயிற்று. மிச்சம் மூன்றையும் முகத்துக்கே கொடுத்துவிட்டான். வெயில் பட்ட கன்னத்துக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, கழுத்து நிழலுக்கு ஒன்று.

"ஊதா? மஞ்சள்?" என்று கேட்டார் காளத்தி.

"படத்தில் எங்கே இருக்கிறது?"

"அதுவும் சரிதான்."

காளத்தி கடுக்காயிலும் கருவேலம்பட்டையிலும் நூலைத் தோய்த்துத் தோய்த்து எடுத்தார். ஒவ்வொரு இழையையும் இளவரசியின் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் அது வேண்டாம். மறுபடி சாயத்தொட்டி. நான்காம் நாள் ஓர் இழையை வைத்ததும் அது எங்கே போனது என்று மூவரும் தேடினார்கள். அதுதான் என்று இளவரசி சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் சபையில் பட்டுப் படத்தை விரித்தார்கள். அல்லியங்கோதை கிட்டே வந்து பார்த்தாள். கண் கலங்கியது. "இது நான்தான் அப்பா" என்றாள்.

மன்னர் வாய் திறப்பதற்குள் தருமசேனரின் குரல் எழுந்தது. "அரசே, என் தலைப்பாகை எங்கே?"

விஷயம் இதுதான். ஓவியர் வரைந்துகொண்டிருந்தபோது தருமசேனர் தற்செயலாக வந்தவர் போல இளவரசிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். தலையில் செம்பருத்திச் சிவப்பில் பெரிய தலைப்பாகை. பட்டிலும் அவர் இருந்தார். ஆனால் பூதநாதன் எடுத்த எட்டில் சிவப்பு இல்லை. இருப்பதில் பக்கத்து நிறமாகப் பார்த்து, கழுத்து நிழலுக்கு வைத்திருந்த நூலையே போட்டுவிட்டார் காளத்தி. தலையில் மண்சட்டியைக் கவிழ்த்த மாதிரி நின்றார் அதிகாரி.

"கிட்டத்தட்ட வந்திருக்கிறதே ஐயா" என்றான் பூதநாதன்.

"கிட்டத்தட்டவா? இதைப் பார்த்து மணித்தீவில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நாளைக்கு நான் நேரில் போய் நின்றால் ஆள் மாறாட்டம் என்று சொல்ல மாட்டார்களா? உள்ளதை உள்ள நிறத்தில் காட்டுவதுதானே முறை?"

தாம் சொன்னது தருமசேனர் காதிலேயே கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது. பூதநாதன் கைகூப்பினான்.

"ஐயா, ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டுகிற துணிக்கே உங்களுக்கு இவ்வளவு வருத்தம். கழற்றவே முடியாத முகத்துக்கு அந்தப் பெண் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாள்?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தருமசேனரும் தலைப்பாகையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார், பாவம். காளத்திக்குப் பொற்கிழி, பூதநாதனுக்கு முத்துமாலை. இனி யார் படமானாலும் முதலில் படத்தைப் பார், பிறகு நூலை எடு என்று உத்தரவும் ஆயிற்று.

பட்டு கப்பல் ஏறியது. இரண்டு மாதத்தில் மணித்தீவிலிருந்து பதிலுக்கு இளவரசனின் படம் வந்தது, அவன் கையெழுத்தில் ஓர் ஓலையோடு.

"பெண்ணைப் பார்த்தேன், மனம் நிறைந்தது. என் படத்தில் மட்டும் எங்கள் ஊர் ஓவியர் வழுக்கையை மறைத்துவிட்டார். அதை நம்பிச் சம்மதம் சொல்லிவிட வேண்டாம் என்று இளவரசியிடம் சொல்லுங்கள்."

அல்லியங்கோதை சிரித்த சிரிப்பில் கல்யாணத் தேதி அன்றே குறித்தாயிற்று.