கிடைத்தது என்று சொன்னவர்

இசக்கியம்மாளின் ஆறு மாதப் பயிற்சிக்காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் அவள் எழுதிய நிரல் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். பரிசோதனைக் கூடத்தின் ரத்த அறிக்கைகளை ஆஸ்பத்திரிக் கணினிக்கு அனுப்பும் நிரல் அது.

திங்கட்கிழமை முழுக்க அது அடம்பிடித்தது. மறுமுனையில் இருக்கும் கணினி தான் யார் என்று காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று ஒரே பிழைச் செய்தி. இணையத்தில் தேடினாள். யாரோ ஒரு புண்ணியவான் ஒரே வரியில் வைத்தியம் எழுதியிருந்தார்: சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிடு.

அணைத்தாள். செவ்வாய்க்கிழமை நாற்பது அறிக்கைகள் போயின. நாற்பதுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை அந்த வரி ஷகிலாவின் கண்ணில் பட்டது. குழுவில் யாருக்கு எது புரியாவிட்டாலும் ஷகிலாவிடம்தான் போய் நிற்பார்கள். இசக்கிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

“இது ஏன் அணைஞ்சு கிடக்கு?”

“அணைச்சாத்தான் போகுது அக்கா. ஆனா பூட்டுப் போட்டுத்தான் போகுது. நடுவுல ஒருத்தரும் படிக்க முடியாது. இதுல என்ன தப்புன்னு எனக்கு நிஜமாவே புரியல.”

ஷகிலா, “ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு வா” என்று கூட்ட அறைக்குள் போனார். கதவைச் சாத்தி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

“வெளியே கேக்குமா?”

“கேக்காது அக்கா.”

ஷகிலா தொலைபேசியில் ஏதோ எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியைப் போட்டார். “ஆஸ்பத்திரிதானே?”

“ஆமா, ஆஸ்பத்திரிதான். சொல்லுங்க” என்றது ஓர் ஆண்குரல். பின்னால் எண்ணெயில் எதுவோ பொரியும் சத்தம்.

“வாசி” என்றார் ஷகிலா.

“முத்தரசி. வயசு முப்பத்தொண்ணு.” அடுத்த வரியில் பரிசோதனை முடிவு இருந்தது. இசக்கிக்கு நாக்கு எழவில்லை. “அக்கா, யாரு அது?”

“கதவுதான் சாத்தியிருக்கே. என்ன பயம்?”

“சீக்கிரம் சொல்லுங்கம்மா, வடை கருகுது” என்றது குரல்.

ஷகிலா இணைப்பைத் துண்டித்தார். “கீழே கேன்டீன் காளிதாஸ் அண்ணன். நான் எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வார்.”

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கைக்கு ஓடினாள். சரிபார்ப்பைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். திங்கட்கிழமை வந்த அதே பிழை வந்து நின்றது. ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“செவ்வாய்க்கிழமையா? எங்களுக்கு ஒண்ணுமே வரலையேம்மா” என்றார் அங்கே இருந்தவர். “நீங்க சொல்ற இணைய முகவரியை நாங்க விட்டே ரெண்டு மாசமாச்சே.”

ரிசீவரை வைத்துவிட்டு, பின்னால் வந்து நின்ற ஷகிலாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்போ கிடைத்ததுன்னு சொன்னது யாரு அக்கா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நாற்பது பேரு அக்கா.”

“ஆமா.”

“அந்தப் பிழைச் செய்தி... அது சரியாத்தான் சொல்லிச்சா?”

ஷகிலா, தவறு நேர்ந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தை இசக்கியின் திரையில் திறந்து வைத்தார்.

அனுப்பியவர் என்ற கட்டத்தில் இசக்கி தன் பெயரைப் போட்டாள். அனுப்பியது: நாற்பது ரத்த அறிக்கைகள். அடுத்த கட்டம், பெற்றவர்.

விரல் நின்றுவிட்டது. நாளைக் காலை இந்தப் படிவம் மேலாளரிடம் போகும். பிற்பகல் அவளுடைய வேலையைப் பற்றி முடிவெடுப்பவரும் அவர்தான். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆளும்.

“இதுல என்ன போடட்டும் அக்கா?”

“ஆஸ்பத்திரின்னு போடேன்” என்றார் ஷகிலா. “யாரு சரிபார்க்கப் போறா?”

இசக்கி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, ‘தெரியாது’ என்று தட்டினாள்.